கலைக் கல்லூரியைக் கைவிடலாமா?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்த நாள் முதல் நம் இல்லங்களில் ஒரே பேச்சுதான்: "பிள்ளையை எதில் சேர்ப்பது?" சோழவரம், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் வாழும் குடும்பங்களுக்கு விடை எளிதாகவே தோன்றுகிறது. வடக்கே சிப்காட் தொழிற்பேட்டை. நெடுஞ்சாலையை ஒட்டிப் பொறியியல் கல்லூரிகள். பொறியியல், டிப்ளமோ, ஐ.டி.ஐ. என்று வரிசையாக முயன்று, எதுவும் அமையாவிட்டால்தான் கலைக் கல்லூரியின் நினைவு வருகிறது.

தொழிற்கல்வியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஹலாலான வருவாய்க்கு வழிகாட்டும் கல்வி எதுவாயினும் அது போற்றத்தக்கதே. ஆனால் ஒரு சமுதாயம் முழுவதும் ஒரே திசையில் நடந்தால், மற்றத் திசைகளை யார் காப்பது? சற்றே எண்ணிப் பாருங்கள்.

முன்னோர் கண்ட கனவு

வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி 1919 இல் தோன்றியது. 1951 இல் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் எழுந்தன. நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்களின் முயற்சியால் 1955 இல் சென்னையில் எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரி மலர்ந்தது. வணிகத்தில் ஈட்டிய பொருளை நம் செல்வர்கள் இவற்றுக்கு வாரி வழங்கினர். மொழியும் வரலாறும் சட்டமும் அறிந்த தலைமுறை இல்லாத சமுதாயம் தனக்காகப் பேச இயலாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

அதன் பலனையும் கண்டோம். கவிக்கோ அப்துல் ரகுமான் வாணியம்பாடிக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். 1999 இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். பொறியியலைப் போலவே சமூக ஆய்வும் நமக்கு அந்நியமன்று. மனித சமுதாயம் எவ்வாறு எழுகிறது, எவ்வாறு வீழ்கிறது என்று ஆராய்ந்த இப்னு கல்தூன், தம் 'முகத்திமா'வை 1377 இல் எழுதி முடித்தார்.

எதிர்காலம் யார் கையில்?

கல்லூரியின் எதிர்காலத்தை நிர்வாகக் குழு மட்டுமே தீர்மானிப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மை அதுவன்று. அரசு உதவி பெறும் கல்லூரிகள் பலவற்றில் இன்று இரு பிரிவுகள் இயங்குகின்றன. உதவி பெறும் பிரிவில் ஆசிரியர் ஊதியத்தை அரசு தருகிறது. சுயநிதிப் பிரிவிலோ மாணவர் கட்டும் கட்டணத்திலிருந்தே ஊதியம் தர வேண்டும். வணிகவியலுக்கும் கணினிக்கும் கூட்டம் அலைமோத, வரலாற்றுக்கு விரல்விட்டு எண்ணும் அளவிலேயே மாணவர் வந்தால், அவ்வகுப்பை எந்த நிர்வாகம்தான் நெடுநாள் தாங்கும்? ஆகவே, நாம் நிரப்பித் தரும் ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு துறையை வாழவைக்கிறது, அல்லது வாடவைக்கிறது.

வாடினால் என்ன இழப்பு என்று கேட்பீர்கள். வக்ஃப் சொத்துகளின் விவரங்களை 'உமீத்' இணையதளத்தில் ஏற்ற வேண்டிய கடமை 2025 இல் முத்தவல்லிகளுக்கு வந்தது. பழைய பத்திரத்தைப் படிக்கவும், அதன் வரலாற்றை விளக்கவும், சட்டத்தின் நுணுக்கத்தைச் சொல்லவும் யார் வேண்டும்? இயந்திரம் இயக்கத் தெரிந்தவர் மட்டும் போதுமா? அரபுத்தமிழில் எழுதப்பட்ட நம் பாட்டன்மார் ஏடுகளை நாளை யார் படிப்பார்?

செய்ய வேண்டியவை

பெற்றோரே! பிள்ளையின் நாட்டத்தை முதலில் கேளுங்கள். கலைப் பட்டம் பெற்றவர் மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கும், பி.எட். படிப்புக்கும் செல்லலாம், தேர்வாணையத்தின் குரூப் 1, குரூப் 2 தேர்வுகளையும் எழுதலாம். பட்டத்தோடு கணினியும் கணக்கும் ஆங்கிலமும் கற்றுக்கொள்ளட்டும். வடமாநிலத் தொழிலாளர் நிறைந்த கும்மிடிப்பூண்டி ஆலைகளில் இந்தி பேசவும் தொழிலாளர் சட்டம் விளக்கவும் தெரிந்த பட்டதாரிக்கு மதிப்புண்டு. வெளியூர் அனுப்பத் தயங்குவோருக்கு அருகிலேயே, பொன்னேரியில், உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரி இருக்கிறது. அரசுப் பள்ளியில் பயின்ற பெண்மக்களுக்காக 2022 இல் தொடங்கப்பட்ட 'புதுமைப்பெண்' திட்டத்தையும் கேட்டறியுங்கள்.

ஜமாஅத் பெரியோர்களே! தகுதியுள்ள ஏழை மாணவருக்கு ஜகாத்தை அவர் கையிலேயே உரிமையாக்கிக் கொடுங்கள். கட்டணத்தை அவர் கட்டிக்கொள்வார். கட்டடத்துக்கும் ஆசிரியர் ஊதியத்துக்கும் ஜகாத்தைத் திருப்பாதீர்கள்; அவற்றுக்கு ஸதகாவும் வக்ஃபும் இருக்கின்றன. கல்லூரிகளில் நலியும் ஒரு துறையைத் தாங்குவதற்கென்றே ஒரு கடையின் வாடகையை எழுதிவைத்தால், அது ஸதகத்துல் ஜாரியாவாக நிலைக்கும்.

கல்லூரி நிர்வாகிகளே! மதரஸாவில் ஓதி முடித்த இளைஞர்கள் பட்டம் பெற, அவர்கள் பணிக்கு இடையூறில்லாத நேரத்தில் வகுப்புகள் வையுங்கள். அரபியும் வரலாறும் அறிந்த ஓர் ஆலிம், மிம்பரில் நின்று பேசும்போது மஹல்லா முழுவதும் பயன்பெறும்.

முதல் வஹீ ஓதுதலையும் எழுதுகோலையும் நினைவூட்டி இறங்கியது. அந்த எழுதுகோலை நம் பிள்ளைகளின் கையிலிருந்து நாமே வாங்கி வைத்துவிடக் கூடாது. வரும் கல்வியாண்டில் விண்ணப்பம் நிரப்பும்போது, கலைக் கல்லூரியின் பெயரைக் கடைசியில் எழுதாமல் முதலிலேயே எண்ணிப் பாருங்கள். பயன் தரும் கல்வியை நம் மக்களுக்கு வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.