சத்தம் தாங்கவில்லை என்று தூக்க மாத்திரை போடலாமா?



நம் அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களோடு மருந்துக்கடை ரசீதுகளும் வருகின்றன. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளுக்கு நடுவே தூக்க மாத்திரையின் பெயரும் அடிக்கடி தென்படுகிறது. எதற்கு என்று கேட்டால், "சத்தம் தாங்க முடியலை பாய், இதைப் போட்டால்தான் கண் அசருது" என்கிறார்கள். சிலர் எப்போதோ எழுதிய பழைய சீட்டைக் காட்டியே வாங்கி வருகிறார்கள். சிலர் பக்கத்து வீட்டில் கொடுத்த அட்டையிலிருந்து தொடங்கியவர்கள். ஆகவே இதைச் சற்று விளக்கமாக எழுதுகிறோம்.

சத்தம் கற்பனை அல்ல

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், அவற்றின் ஏர் ஹாரன், கொருக்குப்பேட்டைப் பக்கம் சரக்கு ரயில், பட்டறைகள், ஜெனரேட்டர் இவற்றுக்கு நடுவில்தான் தண்டையார்பேட்டையில் குடும்பம் நடத்துகிறோம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் அனுமதி. சாதாரணமாக இருவர் பேசிக்கொள்வதே ஏறத்தாழ 60 டெசிபல். எனவே சத்தம் தொல்லை தருகிறது என்பவரை "உனக்கு மனப்பிரமை" என்று அடக்குவது சரியல்ல.

ஆனால் ஒரே தெருவில் ஒருவர் தூங்குகிறார், இன்னொருவருக்குத் தட்டு விழும் ஓசையே இடி போல் கேட்கிறது. இப்படி சாதாரண ஓசையும் பொறுக்க முடியாமல் போவது ஓர் அறிகுறி. இரைச்சலில் வேலை செய்து காது பாதிக்கப்பட்டவர்கள், காதில் இரைச்சல் கேட்பவர்கள், ஒற்றைத் தலைவலி, தலைக்காயம், முகவாதம், கடும் மனப்பதற்றம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது வரலாம். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்வதும் இதனால்தான். காரணம் வேறு வேறு என்பதால் சிகிச்சையும் வேறு வேறு.

மாத்திரை செய்வது என்ன?

அல்பிரசோலம், குளோனசிபாம், டயசிபாம் போன்றவை மூளையை அமைதிப்படுத்தும் 'காபா' என்ற ரசாயனத்தின் வேலையைக் கூட்டுகின்றன. காதை அவை குணமாக்குவதில்லை. சில வாரங்கள் தொடர்ந்து போட்டால் மூளை அதற்குப் பழகிவிடும். அரை மாத்திரை ஒன்றாகும், ஒன்று இரண்டாகும். திடீரென்று நிறுத்தினால், அடக்கி வைத்த மூளை அளவுக்கு மீறி விழித்துக்கொள்ளும்.

இங்கிலாந்தின் நியூகாசிலில் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன், இம்மாத்திரைகளை விட முடியாமல் தவித்தவர்களுக்காக 1982 முதல் 1994 வரை தனி சிகிச்சைப் பிரிவு நடத்தினார். மாத்திரையை விடும்போது வரும் தொல்லைகளாக அவர் பதிவு செய்தவற்றில் ஒன்று, சத்தம் பொறுக்க முடியாமல் போவது. அதாவது எந்தத் தொல்லைக்காக மாத்திரை போட்டோமோ, அதே தொல்லை இரட்டிப்பாகத் திரும்புகிறது. "மாத்திரை இல்லாமல் முடியவில்லை, எனவே இது எனக்குத் தேவை" என்று நாம் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு மீண்டும் போடுகிறோம். இந்தச் சுழலைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே இதைப் படித்துவிட்டு இன்றிரவே மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் மேற்பார்வையில், வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில், படிப்படியாகக் குறைக்க வேண்டும். 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பழக்கமாகிவிடும் ஆபத்தையும் விலகல் தொல்லைகளையும் இவ்வகை மருந்துகளின் விவரத்தாளில் தலையாய எச்சரிக்கையாக அச்சிடச் சொன்னது.

வயதானவர்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. இரவில் கழிவறைக்கோ, ஃபஜ்ருக்கு ஒளூச் செய்யவோ எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறியலாம். காலையில் லாரி, ஆட்டோ ஓட்டுபவருக்கு மயக்கம் தெளியாமலிருக்கும். மூச்சிரைப்பு உள்ளவர்களும், கோடீன் கலந்த இருமல் மருந்து குடிப்பவர்களும் இதைச் சேர்த்துப் போட்டால் மூச்சே தடைபடலாம். குழந்தை தூங்கட்டும் என்று சளி மருந்து ஊற்றுவதும் கூடாது.

அல்பிரசோலம், டயசிபாம், சோல்பிடம் ஆகியவை 2014 மார்ச் முதல் 'எச் 1' பட்டியலின் கீழ் விற்கப்படுகின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. நோயாளியின் பெயரைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருந்தால், அது கைமாற்றாகக் கொடுக்கும் பொருள் அல்ல என்று அறிந்துகொள்ளுங்கள். வீட்டில் இளைஞர்கள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

"இது சத்து மாத்திரைதானே?"

மக்னீசியம் பற்றி ஒரு செய்தி பரவலாக இருக்கிறது. இஸ்ரேலில் ராணுவப் பயிற்சி பெற்ற இளைஞர்களிடம் நடத்தி 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், துப்பாக்கிச் சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு மக்னீசியத்தால் குறைந்தது உண்மை. ஆனால் அது காது கெடாமல் காப்பதைப் பற்றிய ஆய்வு. சத்தம் பொறுக்காத தன்மையைக் குணமாக்கியதாக அல்ல. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மக்னீசியம் உடலில் தேங்கி ஆபத்தாகும். ஜிங்கோ மாத்திரையை ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போடுபவர்கள் சேர்த்தால் ரத்தக்கசிவு வரலாம். அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, சிலருக்குக் கல்லீரலைப் பாதித்ததாகப் பதிவுகள் உள்ளன. தைராய்டு நோயாளிகள் கேட்காமல் எடுக்கக் கூடாது. துணை உணவு டப்பாக்களில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற பொருளில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். கேப்சூல் உறைகளில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும் என்பதால், எதிலிருந்து எடுத்தது என்றும் விசாரிப்பது நமக்கு அவசியம்.

என்ன செய்யலாம்?

முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனை நமக்கு அருகில்தான் இருக்கிறது. காதுப் பிரிவும் மனநலப் பிரிவும் அங்கே உண்டு. மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மெல்லிய ஓசையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கும் ஒலிச் சிகிச்சையும், மனப் பயிற்சியும் பலருக்குப் பயன் தருகின்றன.

பட்டறை இரைச்சலில் காதடைப்பான் கட்டாயம் வேண்டும். ஆனால் வீட்டிலும் நாள் முழுவதும் காதில் பஞ்சு வைத்திருந்தால் கூச்சம் இன்னும் கூடும். தூங்கும்போது மின்விசிறியின் சீரான ஓசை, சாலைப் பக்க ஜன்னலுக்குக் கனமான திரை, மாலைக்குப் பின் டீயைக் குறைப்பது ஆகியவை உதவும். ஈ.எஸ்.ஐ. திட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பும் இருக்கிறது. தொழிலாளர்கள் அந்த உரிமையைக் கேட்டுப் பெறலாம். மனப் பதற்றம், தூக்கமின்மை பற்றித் தமிழில் பேச, 14416 என்ற டெலி மனாஸ் எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

மருத்துவர் நோய்க்காக அளவோடு தரும் மருந்தை உண்பதற்கு மார்க்கத்தில் தடையில்லை. சிகிச்சை தேடுவது நபிவழி. மனநல மருத்துவரிடம் போவது ஈமான் குறைவு என்று யாரும் வெட்கப்பட வேண்டாம்.

கடைசியாக, சத்தத்தில் நம் பங்கும் இருக்கிறது. இரவு 10 மணிக்குப் பிறகு திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி, நம் நிக்காஹ் விருந்துக்கும் பயான் கூட்டத்துக்கும் பொருந்தும். அண்டை வீட்டாரின் உரிமையை நமக்கு அவ்வளவு வலியுறுத்திய மார்க்கம் இது. பக்கத்து வீட்டில் ஒருவர் நம் ஒலிபெருக்கியால் மாத்திரை தேடும் நிலை வரக் கூடாது.

பழைய சீட்டிலேயே தூக்க மாத்திரை வாங்கி வருபவர்கள் ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் எங்களைச் சந்தியுங்கள். பெயர் வெளியே போகாது. மருத்துவமனைக்குத் துணையாக வர ஆளில்லையென்றால், இன்ஷா அல்லாஹ், ஏற்பாடு செய்கிறோம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல உறக்கத்தையும் ஆஃபியத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.

– செயலாளர்