மறைந்திருக்கும் பெருங்கோப்பை மீட்டெடுத்தல்

வான்படமொன்றைத் திறக்க முயலும் ஊழியர், படத்துக்குப் பதிலாக மூன்றே வரி எழுத்துகளைக் கண்டு, கோப்பு அழிந்ததென்று கலங்குவதுண்டு. பெரும்பாலும் அது அழிந்திராது. 'கிட்' என்னும் பதிப்புக் காப்பு முறைக்குத் துணையாக 2015-ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் 'எல்.எஃப்.எஸ்.', பெருங்கோப்புகளைத் தனிக் களஞ்சியத்தில் வைத்து, அவற்றினிடத்தில் ஒரு சுட்டுச்சீட்டை மட்டும் விட்டுவைக்கிறது. அச்சீட்டின் முதல் வரி, சீட்டு எவ்விதிப்படி எழுதப்பட்டதென்று கூறும். இரண்டாவது, எழுத்தும் எண்ணுமாக 64 இலக்கங்கள் கொண்ட அடையாளக் குறி. மூன்றாவது, கோப்பின் அளவு. ஆகவே சீட்டைத் திருத்துவதோ அழிப்பதோ கூடாது.

'கிட் எல்.எஃப்.எஸ். புல்' என்னும் கட்டளை, அக்குறியைக் கொண்டு மெய்க்கோப்பைச் சேவையகத்திலிருந்து வருவித்து உரிய இடத்தில் வைக்கும். இணைய வசதியற்ற முகாமிலும் வழியுண்டு. முன்பே வருவித்த பிரதி, புள்ளியில் தொடங்கும் பெயருடையதால் சாதாரணமாகக் கண்ணுக்குப் புலப்படாத 'கிட்' கோப்புறையினுள் இருக்கக்கூடும். அங்கே 'எல்.எஃப்.எஸ்.', அதனுள் 'ஆப்ஜெக்ட்ஸ்'. பின்னர் குறியின் முதலிரண்டு இலக்கங்கள் ஒரு கோப்புறைக்கும், அடுத்த இரண்டு அதன் உட்கோப்புறைக்கும் பெயராகும். முழுக்குறியே கோப்பின் பெயர். பிரதி அங்கிருப்பின், 'கிட் எல்.எஃப்.எஸ். செக்அவுட்' அதனை வெளிக்கொணரும்.

சேவையகத்திலும் கோப்பு இல்லையெனில், பதிவு செய்தவர் அதனை அனுப்பாமலே விட்டிருக்கலாம். அந்நிலையில் மெய்க்கோப்பு அவருடைய கணினியில் மட்டுமே இருக்கும். அக்கணினியின் வட்டைத் துடைப்பதற்கு முன்னரே அவரை விசாரித்து, 'கிட் எல்.எஃப்.எஸ். புஷ்' கட்டளையால் அனுப்பச் செய்தல் வேண்டும்.