தோற்றவர்க்கும் மதிப்பெண்

தோற்ற அணியின் வீரர் ஒவ்வொருவருக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடும் வழக்கம் ஆஸ்திரேலியக் கால்பந்து ரசிகர்களுக்கு மட்டும் உரியதன்று. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்தொலிக்கும் நம் மத்திகிரியின் தேநீர்க் கடைகளிலும் அது நடைபெறுவதே. உதாரணமாக, 2024 மே 18 அன்று பெங்களூரில் நடந்த ஐ.பி.எல். கிரிக்கெட் ஆட்டத்தில் சென்னை அணி 27 ரன்னில் தோற்று, அடுத்த சுற்று வாய்ப்பையும் இழந்தது. முதற்பந்திலேயே ஆட்டமிழந்த தலைவர் ருதுராஜுக்குப் பூஜ்யம் இடுவது சுலபம். ஆனால், 22 பந்தில் 42 ரன் சேர்த்து இறுதிவரை நின்றும், கடைசி இரு பந்துகளைத் தவறவிட்ட ஜடேஜாவுக்கு என்ன இடுவது? நான் ஏழு தருவேன். அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற 17 ரன் வேண்டியிருந்த இறுதி ஓவரில், முதற்பந்தில் தோனியிடம் சிக்ஸர் வாங்கியும் தைரியம் இழக்காது மறுபந்திலேயே அவரை வீழ்த்திய எதிரணியின் யாஷ் தயாளுக்கோ, பட்சபாதமின்றிப் பத்துக்குப் பத்து!