புத்தகம் பிறக்கும் வழி – 9: கையொப்பக்காரர்கள்

ஈரோட்டுக்கு எதிரே, காவிரியின் கிழக்குக் கரையில் உள்ள பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலை 1962-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. ஆற்றைப் பின்பற்றிக் கீழே சென்றால், நாமக்கல் ஜில்லாவின் எல்லைக்கு அக்கரையில், புகளூர் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்யும் அரசாங்க ஆலை ஒன்றும் இருக்கிறது. தாள் இங்கேயே விளைகிறது. எழுதுகிறவர்களும் இந்த மண்ணில் எக்காலத்திலும் குறைந்ததில்லை. அப்படியிருந்தும், திருச்செங்கோட்டிலோ ராசிபுரத்திலோ உட்கார்ந்து ஒருவர் எழுதிய நூல் பெரும்பாலும் பட்டணத்துக்குப் போய், அங்கே அச்சாகி, லாரியேறித் திரும்பி வந்த பிறகுதான் இவ்வூர் வாசகர் கைக்குக் கிடைக்கிறது. சேலத்து அச்சகங்களின் அன்றாட ஜீவனம் கல்யாணப் பத்திரிகையிலும் ரசீதுப் புத்தகத்திலும் நாள்காட்டியிலுமே நடக்கிறது. சென்ற வாரம் ஈய எழுத்துக் காலத்தைப் பற்றிச் சொன்னேன். இந்த வாரம், பெரிய ஸ்தாபனம் எதையும் சாராமல் தம் சொந்தப் பொறுப்பில் நூல் வெளியிடுகிறவர்கள் இந்தச் சமவெளியில் எதை நம்பி நின்றார்கள், இப்போது எதை நம்பி நிற்கிறார்கள் என்பதைப் பார்ப்போம்.

சேலம் இராமசாமி முதலியாரை நாம் உ.வே. சாமிநாதையரின் சரித்திரத்தோடு சேர்த்தே நினைக்கிறோம். 1880-ஆம் ஆண்டு அக்டோபரில், கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த அவர், அந்தாதியும் கோவையும் புராணங்களும் படித்த இளம் பண்டிதரைப் பார்த்து, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவியதும், அந்த வினாவிலிருந்து ஏழாண்டுப் பிரயத்தனத்துக்குப் பின் 1887-இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்ததும் தமிழ் படித்தவர் அனைவரும் அறிந்த செய்திகள். அவ்வளவாகப் பேசப்படாத விஷயம் அந்தப் பதிப்பின் பொருளாதாரம். ஐயரிடம் மூலதனம் கிடையாது. காலேஜ் சம்பளம் குடும்பத்துக்கே சரியாக இருந்தது. ஆகவே நூல் அச்சாகும் முன்பே, நூல் வந்தால் வாங்கிக்கொள்வதாகக் கனவான்களிடமும் உத்தியோகஸ்தர்களிடமும் அபிமானிகளிடமும் கையொப்பம் வாங்கினார்கள். அந்தக் கையொப்பத்தின் பலத்தில்தான் தாள் வாங்கப்பட்டது, அச்சுக்கூலி கொடுக்கப்பட்டது. வாசகரை முதலில் சேர்த்துக்கொண்டு நூலைப் பின்னால் அச்சிடும் இந்த முறை வறுமையால் நேர்ந்த உபாயந்தான். என் அபிப்பிராயத்தில் தமிழ்ப் பதிப்புலகம் கண்டுபிடித்த முறைகளுள் இதைவிட கௌரவமானது வேறில்லை.

இம்மண்ணில் சொந்தப் பொறுப்பில் நின்றவர் வேறு சிலரும் உண்டு. சேலம் பகடால நரசிம்மலு நாயுடு, 1870-களின் பிற்பகுதியில் 'சேலம் தேசாபிமானி' என்ற பத்திரிகையை நடத்திப் பின் கோயமுத்தூருக்குப் பெயர்ந்து, அங்கே சொந்த அச்சுக்கூடம் வைத்துத் தாமே எழுதித் தாமே அச்சிட்டுத் தாமே விற்றார். ராஜாஜி, திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்துக் காந்தி ஆசிரமத்திலிருந்து, கல்கியை உதவிக்கு வைத்துக்கொண்டு, மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகையை 1929-இல் தொடங்கினார். பத்து இதழ்களோடு அது நின்றது. கள்ளுக்கடை ஒழிய வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு லாபநோக்கம் இருந்ததில்லை.

அதன் பின் 1968 அக்டோபரில் சேலத்திலிருந்து 'நடை' வந்தது. ஆங்கிலப் பேராசிரியரும் கவிஞருமான சி. மணியும் அவருடைய நண்பர்களும் நடத்திய அந்தக் காலாண்டிதழ் எட்டு இதழ்களே வெளிவந்தது. ஆனால் அந்த எட்டு இதழ்களுக்குள் ஞானக்கூத்தனின் ஆரம்பக் கவிதைகள் இடம்பெற்றன. புதுக்கவிதைக்காரர்களுக்கு யாப்புத் தெரியாது என்று பண்டிதர்கள் பழித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், மணி வேறொரு பெயரில் யாப்பியலைப் பற்றி எழுதி இதழோடு இணைப்பாகக் கொடுத்தார். சென்னையில் சி.சு. செல்லப்பா 1959-இல் 'எழுத்து' தொடங்கி, மனைவியின் நகைகளை விற்றும், புத்தக மூட்டையைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியும் நடத்திய வேள்வியின் தொடர்ச்சியாகவே 'நடை'யைக் கொள்ள வேண்டும். மணியின் கவிதைத் தொகுதியான 'வரும் போகும்' 1974-இல் சென்னையின் க்ரியா வெளியீடாக வந்தது. சேலத்துக் கவிஞரின் நூலுக்குச் சேலத்தில் பதிப்பகம் இல்லாமற்போனதை நான் குறையாகவே கருதுகிறேன்.

செல்லப்பா மூட்டை சுமந்த அதே காலத்தில், தனிப் பதிப்பாளருக்கு வேறொரு ஊன்றுகோல் தயாராகிக்கொண்டிருந்தது. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகி, அந்தப் பணத்தில் அரசாங்கம் நூல்களை வாங்கி ஊர்ப்புற நூலகங்கள் வரைக்கும் அனுப்பும் ஏற்பாடு அது. இன்றும் நாம் கட்டும் சொத்து வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் பத்துப் பைசா நூலகத்துக்குப் போகிறது. இந்த ஏற்பாட்டால் எத்தனையோ நல்ல நூல்கள் குக்கிராமங்களை அடைந்தன என்பதை மறுப்பது நன்றிகெட்ட செயல். ஆயினும், நூலக ஆணை ஒன்றையே எதிர்பார்த்து நூல் வெளியிடும் பழக்கம் வந்த நாளிலிருந்து, பதிப்பாளருக்கு வாசகர் முகம் மறந்துபோயிற்று. விலை பாரக் கணக்கில், அதாவது பதினாறு பக்கத்துக்கு இவ்வளவு என்று நிர்ணயமாகியிருந்தபடியால், நூறு பக்கத்தில் முடிய வேண்டிய விஷயம் நூற்றறுபது பக்கத்துக்கு ஊதியது. ஆணை வராத ஆண்டுகளில் கட்டுக் கட்டாகப் புத்தகங்கள் வீட்டு மாடியில் கரையானுக்கு இரையாயின. 2024-இல் அரசாங்கம் வெளிப்படையான கொள்முதல் முறையை இணையவழியில் கொண்டுவந்திருப்பது வரவேற்கத்தக்கதே. ஆனால் முறை எவ்வளவு திருந்தினாலும், ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பியிருப்பவன் சுதந்திரமான வியாபாரி ஆகமாட்டான்.

தற்காலத்தின் பெரிய மாறுதல், ஆயிரம் பிரதி அச்சிட்டே தீர வேண்டும் என்ற நிர்ப்பந்தம் ஒழிந்ததுதான். ஈய எழுத்திலும் பிறகு ஆப்செட்டிலும் எண்ணிக்கை கூடினால்தான் பிரதிக்கு ஆகும் செலவு குறையும்; இன்றைய டிஜிட்டல் இயந்திரத்தில் ஐம்பது பிரதியும் அச்சிடலாம், தீர்ந்தால் இன்னும் ஐம்பது போடலாம். 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழும் சேர்ந்த பிறகு தாளே இல்லாமலும் நூல் வெளியிடலாம் என்றாயிற்று. மாடியில் கட்டுகள் தேங்குவது நின்றது. கணக்கு மட்டும் இளகவில்லை. பத்துப் பாரம், நூற்றறுபது பக்கம், விலை 200 ரூபாய் என்று ஒரு நூலை வைத்துக்கொள்வோம். கடைக்காரருக்கு நூற்றுக்கு முப்பத்தைந்து கழிவு கொடுத்தால் 70 ரூபாய் போகிறது. ஆசிரியருக்கு நூற்றுக்குப் பத்து வீதம் 20 ரூபாய். மிச்சமுள்ள 110 ரூபாய்க்குள் தாள், அச்சு, கட்டு, அட்டை ஓவியம், பக்க வடிவமைப்பு, மெய்ப்பு, இடவாடகை எல்லாம் அடங்க வேண்டும். புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. தாளுக்கும் அச்சுக்கூலிக்கும் உண்டு. விற்கும் பொருளுக்கு வரி இல்லாதபடியால், கட்டிய வரியைத் திரும்பப் பெறவும் வழியில்லை. நூறு பிரதி விற்றால் பதினோராயிரம் ரூபாய். அதில் செலவு நீக்கி எவ்வளவு நிற்கும் என்பதை வாசகர்களே யூகிக்கலாம்.

இந்த நெருக்கடியில் முதலில் வெட்டுப்படுவது மெய்ப்புப் பார்ப்பவரின் கூலி. கொங்குச் சீமையின் நூலுக்கு இது சாமானிய நஷ்டமன்று. மாடு கட்டும் 'கட்டுத்தரை'யை வெளியூர்க்காரர் ஒருவர் அச்சுப்பிழை என்று எண்ணிக் 'கட்டாந்தரை' ஆக்கிவிட்டால், பண்ணையத்தில் பாதி அழிந்துபோகிறது. இவ்வட்டாரத்துக்கென்று ஒரு சொல்லகராதியைப் பெருமாள்முருகன் தனிமனிதராகத் தொகுத்தார் என்றால், அதன் அவசியத்தை அவர் தம் நாவல்களை எழுதும்போதே உணர்ந்திருக்க வேண்டும். ஊரின் பேச்சை அறிந்தவர் ஊரிலேயே இருந்து நூலைச் செப்பனிட்டு வெளியிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தபாலையும் சொல்ல வேண்டும். சிறு பதிப்பாளரின் கடை வீதி அதுவே. 2024 டிசம்பரில் புத்தகங்களுக்கான சலுகைப் பதிவு அஞ்சல் நிறுத்தப்பட்டபோது பலர் திகைத்துப் போனார்கள். 2025 மே மாதம் முதல் 'ஞான் போஸ்ட்' என்ற புது ஏற்பாடு வந்திருக்கிறது: 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரை மார்க்கமாகப் போவதால் தாமதமாகும். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் வாசகர் இருந்தால் இது போதும்.

இனி, பணத்தைக் காட்டிலும் கடினமான பரீட்சை. 2010-இல் காலச்சுவடு வெளியிட்ட பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலை எதிர்த்து 2014-ஆம் ஆண்டு இறுதியில் திருச்செங்கோட்டில் கிளர்ச்சி மூண்டது. 2015 ஜனவரி 12-ஆம் தேதி நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த பேச்சுவார்த்தையில் ஆசிரியரிடம் நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கப்பட்டது. அதையடுத்து அவர் தம் எழுத்து வாழ்வையே முடித்துக்கொள்வதாக அறிவித்து, தம் நூல்களை இனி விற்க வேண்டாம் என்று பதிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டு, அவர்களுக்கு உண்டாகும் நஷ்டத்தைத் தாமே ஈடுசெய்வதாகவும் சொன்னார். பெயர் குறிக்கப்பட்ட பதிப்பகங்களுள் சேலத்திலிருந்து இயங்கிய மலைகள் பதிப்பகமும் ஒன்று. 2016 ஜூலை 5-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் பேச்சுவார்த்தையின் ஒப்பந்தம் ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது என்றும் நூலைத் தடை செய்ய முகாந்தரமில்லை என்றும் தீர்ப்பளித்தது. அந்தப் பதினெட்டு மாதங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தெளிவாகிறது: ஐம்பது பிரதி அச்சடிப்பது இயந்திரத்தால் ஆகும் காரியம், ஊர் திரண்டு எதிர்க்கும் நாளில் நூலோடு நிற்பது பதிப்பாளர் ஒருவரால் மட்டுமே ஆகும். தம் நூலைத் தாமே வெளியிட்டுக்கொள்ளும் வசதி இன்று எவருக்கும் உண்டு. ஆனால் ஆபத்து வந்தால் அத்தகைய ஆசிரியர் தன்னந்தனியர்.

ஆகவே, இந்தப் பக்கத்தில் பதிப்பகங்கள் நிலைக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். 2022 முதல் அரசாங்க உதவியோடு மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. சேலத்திலும் நாமக்கல்லிலும் நடக்கும் திருவிழாக்களுக்குப் போனால், பெரிய அரங்குகளைத் தாண்டி, ஒற்றை மேசை போட்டிருக்கும் சிறு பதிப்பாளரிடமும் சென்று நில்லுங்கள். அவர் அடுத்து வெளியிடப்போகும் நூல் எது என்று கேளுங்கள். முன்வெளியீட்டுத் திட்டம் என்று அவர் ஒரு தாளை நீட்டினால், அதில் பெயரும் முகவரியும் எழுதி, பணத்தையும் அப்போதே கொடுத்துவிட்டு வாருங்கள். இராமசாமி முதலியார் காலத்துக் கையொப்பக்காரர்கள் செய்ததும் ஏறக்குறைய அதுவே.

(அடுத்த வாரம்: வாடகை நூல் நிலையங்கள்)