சோடாக்கடைப் பையனும் கறுப்பு வெள்ளாடும்

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் திருச்செங்கோட்டு வண்டி ஏறியபோது பக்கத்து இருக்கைக்காரர் என் தோள்பையைப் பார்த்துவிட்டு, "பத்திரிகைங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "எங்கூர்ல எழுத என்னங்க இருக்குது? தஞ்சாவூருன்னா ஆறு, கோயிலு, கச்சேரின்னு எழுதலாம். இங்க லாரியும் முட்டையும் ரிக்கும்தானுங்க" என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் அவர் பக்கம்தான் சாட்சி இருந்தது. சங்ககிரியில் வரிசையாக லாரிகள். தாண்டினால் காய்ந்த மேட்டுக்காடு, நடுவே ஒன்றிரண்டு பனை, கோழிப்பண்ணைக் கொட்டகைகள். திருச்செங்கோட்டை நெருங்கும்போது போர்வெல் வண்டிகள். அப்புறம்தான் மலை.

அந்த மலையைச் சுற்றியுள்ள சில மைல் நிலத்தை வைத்துக்கொண்டு ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாவல் எழுதிவருகிறார். பெருமாள்முருகன். 1966இல் இந்தப் பக்கத்தில் பிறந்தவர். நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய 'பூக்குழி' 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலுக்குப் போனது. தமிழிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போன முதல் நாவல் அதுதான். அதே ஆண்டில் 'ஆளண்டாப் பட்சி'யின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு ஜேசிபி இலக்கியப் பரிசு கிடைத்தது. பரிசு பெரிதுதான். ஆனால் எனக்கு ஆச்சரியம் அதில் இல்லை, இரண்டு கதைகளுக்கும் மூலப்பொருளாக இருந்தவற்றில்தான். ஒன்றில் ஒரு பாறை, ஒரு குடிசை, ஒரு சோடாக்கடை. மற்றதில் ஒரு மாட்டுவண்டி, நிலம் தேடிப் போகும் ஒரு குடியானவன், கூடவே ஓர் ஆள்.

சோடாக்கடையில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

பெருமாள்முருகனின் அப்பா திருச்செங்கோட்டில் ஒரு சினிமா தியேட்டருக்குள் சோடாக்கடை வைத்திருந்தார். மகனும் சிறுவயதில் அங்கே வேலை பார்த்தார். அதே தியேட்டரைப் பின்னாளில் நினைவுக் கட்டுரைகளாகவும் எழுதியிருக்கிறார். சினிமா கொட்டகை என்றால் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவில் தங்குவது திரை. 1993இல் வந்த 'நிழல்முற்றம்' நாவலில் திரையில் என்ன படம் ஓடுகிறது என்பது அநேகமாக முக்கியமே இல்லை. இடைவேளை மணி அடித்ததும் இருட்டில் சோடா, முறுக்கு, கடலை தூக்கிக்கொண்டு ஓடும் பையன்கள்தான் அங்கே கதை. படம் முடிந்து கூட்டம் போனபின் அந்தத் தரையிலேயே படுத்துத் தூங்குகிறவர்கள். வீடு வாசல் என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லாதவர்கள். திரைக்கு முதுகைக் காட்டி நின்று விற்ற ஒருவனால்தான் இப்படி எழுத முடியும். காசு கொடுத்து உள்ளே போய் உட்கார்ந்தவனுக்கு இது கண்ணில் பட்டிருக்காது.

கோலி சோடா ஒரு விசித்திரமான பண்டம். பாட்டிலுக்கு மூடி கிடையாது. உள்ளே அடைத்த வாயுவே கோலியை மேலே தள்ளி, கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுக்கி வைத்துக்கொள்ளும். கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்தினால் கோலி கீழே விழும். வாயு அடைக்கும்போது பாட்டில் வெடித்தால் கை கிழியும். இருபது ஆண்டுகள் கழித்து, 2013இல் வந்த 'பூக்குழி'யில் இதே தொழில் திரும்ப வருகிறது. குமரேசன் வேற்று ஊருக்குப் போய் சோடாக்கடையில் வேலை செய்கிறான். அங்கேதான் சரோஜாவைப் பார்க்கிறான், காதலிக்கிறான், கல்யாணம் செய்து ஊருக்குக் கூட்டி வருகிறான். அவள் என்ன சாதி என்ற கேள்வியை ஊர் கடைசிவரை விடுவதில்லை. உள்ளே இறுகிக்கொண்டே போகும் அழுத்தம் பற்றிய கதைக்குச் சோடாக்காரனைவிடப் பொருத்தமான ஆள் யார்? இதை அவர் திட்டமிட்டுச் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. திட்டமில்லாமல், தெரிந்த தொழில் என்பதற்காகவே கை அங்கே போயிருந்தால் இன்னும் நல்லது. சாதி கடந்து மணம் செய்து உயிரிழந்த தருமபுரி இளைஞர் இளவரசனுக்குக் காணிக்கையாக்கப்பட்ட நாவல் அது.

பாட்டில் என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். இத்தாலியில் மொராண்டி என்றொரு ஓவியர் இருந்தார். 1890இலிருந்து 1964வரை வாழ்ந்தவர். பொலோன்யா நகரத்து வீட்டில், தன் அறை மேசைமேல் சில பாட்டில்களையும் ஜாடிகளையும் இடம் மாற்றி மாற்றி வைத்து ஆயுள் முழுக்க வரைந்தார். வீட்டுக்குள்ளேயே கலை கிடைக்கும் என்பதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் அவர்தான். ஆனால் மொராண்டியின் பாட்டில்கள் காலியானவை, அமைதியானவை. யாரும் அவற்றை விற்று அன்றைய சோற்றுக்கு வழி பண்ண வேண்டியதில்லை. திருச்செங்கோட்டுப் பாட்டில் அப்படியல்ல. பழகிய பொருளை உற்றுப் பார்த்தால் கலை பிறக்கும் என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்கிறார்கள். உற்றுப் பார்ப்பது மட்டும் போதாது என்று நினைக்கிறேன். அந்தப் பொருளோடு மல்லுக்கட்டியிருக்க வேண்டும்.

இல்லையென்றால், மல்லுக்கட்டியவன் பக்கமாவது போய் நிற்க வேண்டும். 2000இல் வெளிவந்த 'கூளமாதாரி' அதற்குச் சான்று. நிலம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர் பெருமாள்முருகன். நாவலோ கவுண்டர் பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட அருந்ததியர் சிறுவன் கூளையனின் கண்ணால் நகர்கிறது. ஆடுகள், நுங்கு, பனம்பழம், கிணற்றில் குதித்து நீச்சல் என்று சிறுவர்களின் உலகம் விரிந்துகொண்டே போகும்போது நமக்கும் விடுமுறை போலிருக்கும். பண்ணையக்காரர் மகன் செல்வனும் கூட்டாளியாக வருவான். ஆனால் யார் யாரைத் தொடலாம், யாருக்கு எங்கே சோறு என்பது மட்டும் ஒரு நாளும் மறக்கப்படுவதில்லை. அதே கிணற்றடியில் நாவல் முடியும் இடத்தைப் படித்த பிறகு இந்தப் பக்கத்து மேட்டுக்காட்டைப் பார்த்து 'அழகு' என்று சுலபமாகச் சொல்லிவிட முடியவில்லை.

அதே 2000இல் அவர் இன்னொரு புத்தகமும் கொண்டுவந்தார்: 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'. எனக்கு அது நாவல்களுக்குக் குறைந்ததாகத் தோன்றவில்லை. கோடைக்கு வேசகாலம், ஓணானுக்கு ஒடக்கான், புழக்கடைக்குப் பொடக்காளி, சாயங்காலத்துக்குப் பொழுதோட என்று வழங்கும் பேச்சு இது. கொங்குப் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்த முன்னோடி ஆர். சண்முகசுந்தரம். அவருடைய 'நாகம்மாள்' 1942இல் வந்தது. பெருமாள்முருகனின் முனைவர் பட்ட ஆய்வு அவருடைய எழுத்தைப் பற்றியதுதான். ஊரை எழுதப் போகிறவன் முதலில் ஊர்ச் சொற்களைச் சேகரிக்கிறான். தச்சர் உளியைத் தீட்டி வைத்துக்கொள்வது போலத்தான்.

பழகிய இடத்தை எழுதுவது பத்திரமான காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2010இல் வந்த 'மாதொருபாகன்' பூவரச மரத்தடியில் தொடங்கி, குழந்தையில்லாத குடியானவன் காளியின் தொண்டுப்பட்டி என்ற மாட்டுப்பட்டிக்கும் திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவுக்கும் இடையே நடக்கும் கதை. குழந்தையில்லாத தம்பதியைச் சுற்றியிருப்பவர்கள் எப்படிப் பேசியே வதைக்கிறார்கள் என்பதை இவ்வளவு நுணுக்கமாகச் சொன்ன தமிழ் நாவல்கள் குறைவு. ஊரையும் திருவிழாவையும் இழிவுபடுத்துகிறது என்று 2014 கடைசியில் எதிர்ப்புக் கிளம்பியது. புத்தகம் எரிக்கப்பட்டது, கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். சொந்த ஊரைவிட்டு வெளியேறவும் வேண்டிவந்தது. எங்கோ ஒரு கற்பனை ஊரில் கதையை வைத்திருந்தால் இது நேர்ந்திருக்காது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம், அவர் எழுத்துக்குத் திரும்பட்டும் என்று தீர்ப்புச் சொன்னது.

திரும்பியவர் எதை எழுதினார்? வெள்ளாட்டை. மனிதர்களைப் பற்றி எழுதப் பயம், தெய்வத்தைப் பற்றி எழுத அதைவிடப் பயம், பசுவையும் பன்றியையும் தொடவே முடியாது, மிஞ்சியது ஆடுதான் என்று 'பூனாச்சி' முன்னுரையில் கசப்பும் கேலியுமாகக் காரணம் சொல்கிறார். பூனாச்சி கறுப்புக் குட்டி. சேலம் கருப்பு இந்த வட்டாரத்துக்கே உரிய வெள்ளாட்டினம். மேய்ச்சல் நிலத்தில் தினமும் கண்ணில் படுகிற ஆடு. அதற்குக் காது குத்தி அரசாங்கக் கணக்கில் பதிய வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது நாவலில். வாயைக் கட்டிவிட்டதாக நினைத்தவர்கள் ஆட்டை மறந்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2013இல் அவர் தொகுத்த 'சாதியும் நானும்' நூலில் எழுதியவர்களில் பலர் அதற்கு முன் எழுத்தாளர்கள் அல்ல. தேநீர் எதில் தந்தார்கள், திண்ணையில் எதுவரை ஏறலாம், நண்பன் வீட்டில் என்ன கேட்டார்கள் என்ற அளவிலான விஷயங்கள். எழுத என்ன இருக்கிறது என்று பஸ்ஸில் கேட்டவரிடம் அந்தப் புத்தகத்தைக் கொடுத்திருக்கலாம். என் பையில் அன்று அது இல்லை.

திருச்செங்கோட்டில் இறங்கியபின் ஊரை ஒட்டிய ஒரு காட்டோரம் நடந்தேன். வேப்பமரத்தடியில் ஒரு பாட்டி, மூங்கில் கூடையைக் கவிழ்த்து உள்ளே இரண்டு ஆட்டுக்குட்டிகளை அடைத்து வைத்திருந்தார். தாய் ஆடு மேயப் போயிருந்தது.

"பாட்டி, இந்தக் கூடைக்கு என்ன பேரு?"

"இதுங்களா சாமி? கொடாப்பு." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏங்கண்ணு, உங்கூருப் பக்கம் என்னம்பாங்க?"

வாய்க்கு வரவில்லை. மதுரைப் பக்கம் எங்கள் வீட்டில் கோழிக்குஞ்சுகளை இப்படித்தான் கவிழ்த்து மூடுவோம். மூங்கில் கீற்று விலகிய இடம்கூட ஞாபகம் இருக்கிறது, பெயர் மட்டும் இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஏறியதும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"பஞ்சாரம்டா" என்றார். "அதை ஏன் இப்பக் கேக்குற?"