எச்.ஐ.வி. கண்டபின் செய்ய வேண்டுவன

பரிசோதனையில் எச்.ஐ.வி. கண்டதும், வாழ்வே முடிந்ததென்று வீட்டில் முடங்குவோரை நாம் கண்டிருக்கிறோம். அச்சம் இயல்பே, காலதாமதமே கேடு. அரசு மருத்துவமனையிலுள்ள நம்பிக்கை மையத்தின் ஆலோசகரிடம் மனம்விட்டுப் பேசுவது முதற்படி. அவர் கூட்டு மருந்துச் சிகிச்சை மையத்திற்கு அனுப்புவார். 2004 முதல் இம்மருந்தை அரசு இலவசமாக வழங்கி வருகிறது.

நாள் தவறாது உட்கொண்டால், இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறையும். அந்நிலை நீடிக்கும்வரை உடலுறவால் துணைவருக்குத் தொற்றாது. உடல் தேறிற்றென்று மருந்தை நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும்.

சங்கங்களுக்கும் கடமை உண்டு. அருகமர்ந்து நெய்வதாலோ, சேர்ந்து உண்பதாலோ இந்நோய் பரவாது. 2017ஆம் ஆண்டின் சட்டம் வேலையில் பாகுபாட்டைத் தடை செய்கிறது. நோயாளியின் இரகசியத்தையும் காக்கிறது. ஆகவே நூலும் பாவும் கூலியும் அவருக்கு முன்போலவே கிடைக்கச் செய்வோமாக.