கறுப்பு மணலில் பயப்பட வேண்டியது எது?

திருக்கோவில் பக்கம் இல்மனைட் அகழ்வுக்கு எதிராகக் கடந்த சில வருடங்களில் எழுந்த குரல் கல்முனை வரைக்கும் பேச்சாகியிருக்கிறது. "அந்த மண்ணுக்குள்ள யுரேனியம் இருக்காம், அணுகுண்டு செய்யத்தான் கொண்டு போறாங்களாம்" என்று படித்தவர்களே சொல்லக் கேட்கிறேன். இதில் கொஞ்சம் உண்மையும் நிறையக் கற்பனையும் கலந்திருக்கின்றன.

நாட்டின் உட்பகுதியிலுள்ள மிகப் பழைய பாறைகள் சிதைந்து, ஆற்றோடு கடலுக்கு வருகின்றன. உம்மா சுளகில் அரிசி புடைப்பதைப் போல அலை அந்த மண்ணைப் புடைக்கிறது. இலேசானது போய்விடும், பாரமானது கரையில் தங்கும். அப்படித் தங்கிய கறுப்பு மண்ணில் பெரும்பகுதி இல்மனைட். அதிலிருந்து எடுக்கும் தைத்தானியத்தில்தான் வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ற் தயாராகிறது. இல்மனைட் யுரேனியத் தாது அல்ல. ஆனால் அதோடு மொனசைட் என்ற கனிமமும் சிறிதளவு கலந்திருக்கும். அதில்தான் தோரியமும் மிகச் சொற்பமாக யுரேனியமும் உள்ளன. 1957இல் அரச கூட்டுத்தாபனம் அமைத்து அகழப்பட்டுவரும் புல்மோட்டை மணலிலேயே மொனசைட் நூற்றுக்கு ஒரு வீதத்திற்கும் குறைவுதான்.

இலங்கைக் கனிமங்களின் கதிரியக்கம் உலகுக்குப் புதிதல்ல. 1904இல், ஆனந்த குமாரசுவாமி கனிமவியல் ஆய்வுப் பணிப்பாளராக இருந்த காலத்தில், சப்ரகமுவவில் கிடைத்த ஒரு கல்லுக்குத் தோரியனைட் என்று பெயரிட்டார்கள். லண்டனில் அதை ஆராய்ந்துதான் 1905இல் ஒட்டோ ஹான் ரேடியோதோரியத்தைக் கண்டுபிடித்தார். பின்னாளில் அணுப்பிளவுக்காக நோபல் பரிசு பெற்றவரும் அவரே.

அப்படியானால் கடற்கரையில் பிள்ளைகள் விளையாடக் கூடாதா? கேரளாவின் கருநாகப்பள்ளிக் கரையில் மொனசைட் இதைவிடச் செறிவாக உண்டு. அங்கு தலைமுறையாக வாழும் மக்களை நீண்டகாலம் ஆராய்ந்தும், கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணப்படவில்லை. ஆனால் பரவிக் கிடப்பது வேறு, பிரித்துக் குவிப்பது வேறு. இல்மனைட்டை எடுத்த பிறகு மிஞ்சும் கழிவில் மொனசைட் செறிந்துவிடும். அதன் தூசியைச் சுவாசிக்கப் போகிறவர் அங்கு வேலை செய்யும் தொழிலாளி.

கழிவை அப்படியே விட்டுப் போனால் என்னவாகும் என்பதை அமெரிக்காவின் நவாஹோ பழங்குடியினர் அனுபவித்தார்கள். 1944 முதல் 1986 வரை அவர்களது நிலத்திலிருந்து ஏறக்குறைய 3 கோடி தொன் யுரேனியத் தாது வெட்டப்பட்டது. காற்றோட்டமில்லாத சுரங்கத்தில் ரேடோன் வாயுவைச் சுவாசித்துப் பலர் நுரையீரல் புற்றுநோயில் மாண்டார்கள். அரச சுகாதாரத் துறை 1950இலேயே ஆய்வைத் தொடங்கிவிட்டது. ஆயினும் ஆபத்தைத் தொழிலாளர்களுக்குச் சொல்லவில்லை. சுரங்கக் கல்லை வைத்தே வீடு கட்டினவர்களும் உண்டு. 1990இல் நட்டஈட்டுச் சட்டம் வந்தது. 2005இல் நவாஹோக்களே தம் நிலத்தில் யுரேனிய அகழ்வைத் தடை செய்தார்கள். இன்றும் 500க்கு மேற்பட்ட கைவிடப்பட்ட சுரங்கங்கள் அங்கு உள்ளன.

நமது மணலை அந்தச் சுரங்கத்தோடு ஒப்பிடுவது மிகை. அணுகுண்டுக் கதையைப் பிடித்துக்கொண்டு நின்றால், அதிகாரிகள் அதை ஒரு நிமிடத்தில் மறுத்துவிட்டுப் போய்விடுவார்கள், கேட்க வேண்டியது கேட்கப்படாமலே போய்விடும். என்னைக் கேட்டால், நம் கரைக்கு முதல் ஆபத்து கதிர்வீச்சு அல்ல, கடலரிப்பு. 2013இல் ஒலுவில் துறைமுகம் திறந்த பிறகு ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னந்தோட்டம் கடலுக்குள் போனதைக் கண்டவர்கள் நாம். மண்ணின் ஓட்டம் ஓரிடத்தில் தடைப்பட்டதற்கே அந்த விலை. மண்ணையே அள்ளினால் கரைவலை இழுக்க எங்கே இடம்?

எத்தனை அடி ஆழம் தோண்டுவார்கள், குழியை எதனால் நிரப்புவார்கள், மொனசைட் கழிவு எங்கே போகும், அகழ்வுக்கு முன்னர் கதிர்வீச்சு அளக்கப்பட்டதா, அந்த அளவீடு தமிழில் கிடைக்குமா? இவற்றைக் கேட்க வழியிருக்கிறது. தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும், தமிழ் உட்பட மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வர வேண்டும். அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் யாரும் எழுத்தில் ஆட்சேபனை கொடுக்கலாம். மீனவர் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் அந்த அறிவித்தலைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவரையாவது இப்போதே நியமித்து வைப்பது நல்லது.